பூனையின் மூச்சு

எங்கள் வீட்டில் சொக்கி என்று ஒரு பூனை இருக்கிறது. சாம்பல் நிறம்; வயது ஏழு. கூடத்திலுள்ள ஒரே சாய்வு நாற்காலி யாருடையது என்பதைப் பற்றி எனக்கும் அதற்கும் நெடுநாள் வழக்கு உண்டு. வழக்கில் ஜயித்தது யார் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தச் சொக்கி சென்ற ஆண்டு ஆவணி மாதத்திலிருந்து அவ்வப்போது ஒரு காரியம் செய்து வந்தது. திடீரென்று தரையில் பதுங்கி உட்காரும்; கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டும்; அரை நிமிஷம் கமறிக் கமறிச் செருமும்; பிறகு உதட்டை நக்கிக்கொண்டு ஒன்றும் நடவாதது போல் எழுந்து போய்விடும். “ரோமம் தொண்டையில் சிக்கியிருக்கிறது” என்று நான் தீர்ப்புக் கூறினேன். பூனை உடம்பை நக்குகிறது, ரோமம் உள்ளே போகிறது, அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. தர்க்கத்தில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் நான்கு மாத காலத்தில் ஒரு தடவையாவது ரோம உருண்டை தரையில் விழுந்ததா என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டுவிட்டதென்று எண்ணுவது பூனையின் குணம் என்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி இருந்தது பூனை அல்ல.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. என் அக்காள் வழக்கம் போல் வீடு முழுவதும் சாம்பிராணி போட்டிருந்தாள். இரவு ஒன்பது மணிக்கு என் மகள் ஓடி வந்து, “அப்பா! சொக்கி வாயைத் திறந்து மூச்சு விடுகிறது!” என்றாள்.

நாய் வாயைத் திறந்து இளைத்தால் பாதகமில்லை. உடம்பின் சூட்டை அது அப்படித்தான் தணித்துக்கொள்கிறது. பூனையின் வழக்கம் அதுவன்று. சும்மா இருக்கும் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அது பிராணனுக்குப் போராடுகிறது என்று பொருள். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. ஆயினும் அதன் விலாப்புறம் கொல்லன் துருத்தியைப் போல் ஏறி இறங்குவதையும், ஈறுகளில் நீலம் பாய்ந்திருப்பதையும் கண்டபோது வயிற்றைக் கலக்கிற்று.

அடுத்த ஐந்து நிமிஷம் எங்கள் வீடு ஒரு வைத்திய சபையாகிவிட்டது. அக்காள் நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடிக்க வெந்நீர் வைத்தாள். நான் அலமாரியிலிருந்து பாராசிட்டமால் மாத்திரையை எடுத்துப் பாதியாக உடைத்தேன். “டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது” என்று மகள் குறுக்கே நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் டெலிபோனை எடுத்தேன். மறுமுனையில் பேசிய கால்நடை டாக்டர் அம்மாள் சொன்னது இரண்டே வாக்கியம்: “மாத்திரையைக் கீழே போடுங்கள். பூனையைப் பெட்டியில் வைத்து உடனே கொண்டு வாருங்கள்.”

காரணத்தை அவர் பிறகு விளக்கினார். நமது கல்லீரல் இந்த மாத்திரையைச் சுலபமாகச் சமாளித்து வெளியேற்றிவிடுகிறது. அந்தச் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. மருந்து விஷமாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடுகிறது; இரத்தமே பழுப்பு நிறமாகிவிடுமாம். ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். மூச்சுக்குத் தவிக்கும் பிராணிக்கு நான் கொடுக்க இருந்த உபசாரம் அது! நீலகிரித் தைலமும் கற்பூரத் தைலமும் பூனைக்கு ஆகாதவையே. முகர்ந்தாலும் கெடுதி, ரோமத்தில் பட்டதை நக்கினால் அதைவிடக் கெடுதி.

1903-ம் ஆண்டிலேயே சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டுவிட்டது. நூறு ஆண்டுகள் கடந்த பிறகும், வீட்டுப் பூனைக்குச் சீக்கு என்றால் நாம் முதலில் யோசனை கேட்பது நம்முடைய சொந்த அலமாரியைத்தான்.

டாக்டர் அம்மாள் சொக்கியைத் தொட்டு உருட்டிப் பார்க்கவில்லை. நேரே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டுப் பிராணவாயுவைச் செலுத்தினார். இழுத்துப் பிடித்தால், மூச்சுத் திணறும் பூனை பயத்தினாலேயே உயிரை விட்டுவிடக்கூடுமாம். ஊசி போட்டு, மூச்சுச் சற்று அடங்கிய பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தார். ஆஸ்துமா என்று தெரிந்தது. நான் ரோமம் என்று தீர்ப்புச் செய்ததெல்லாம் இருமல்!

ஆனால் மூச்சுத் திணறும் பூனைக்கெல்லாம் ஆஸ்துமா என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். சளிக் காய்ச்சலில் மூக்கடைப்பதுண்டு. மூக்கடைத்த பூனை மோப்பம் தெரியாமல் ஆகாரத்தையே விட்டுவிடும். உணவைச் சற்றுச் சூடு செய்து மணம் எழச் செய்தால் சில சமயம் உண்ணும். இரண்டு நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலுக்கு ஆபத்து. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் ஊசியால் இறைத்தாக வேண்டும். இருதயத் தசை தடித்துப் போவதும் பூனைகளுக்கு வரும் வியாதியே. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து அந்தப் பூனைக்குத் தீங்காய் முடியலாம். அடுத்த வீட்டுப் பூனையின் மருந்துச் சீட்டு நமக்கு உதவாது.

வீட்டுக்குப் புறப்படும்போது டாக்டர் அம்மாள் ஒரு வேலை கொடுத்தார்: “பூனை தன் நோயைச் சொல்லாது, கூடிய மட்டும் மறைக்கவே பார்க்கும். நீங்கள்தான் எண்ண வேண்டும்.” பூனை நன்றாகத் தூங்கும்போது விலா ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். குறுகுறுவென்று சப்தமிடும்போதும், கனவில் காலை உதறும்போதும் எண்ணக் கூடாது. நிமிஷத்துக்கு 30-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. மேலே போய் அங்கேயே நின்றால் டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 40-ஐத் தாண்டினாலும், வாய் திறந்தாலும் நள்ளிரவென்று பார்க்கக் கூடாது. இருமல் வந்தால் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுவது, நாம் நடித்துக் காட்டுவதைவிட மேல். (நான் நடித்தும் காட்டினேன்.)

இப்போது சொக்கிக்கு நாளுக்கு இரு வேளை மூச்சு வழியாக மருந்து. மனிதர்கள் உபயோகிக்கும் அதே புளூட்டிகசோன் குப்பிதான். இடையில் ஒரு குழலும், முகத்தில் பொருந்தும் சிறு மூடியும் வேண்டும். குப்பியைக் குலுக்கி ஒரு முறை அழுத்தி, பூனை ஏழெட்டு மூச்சு இழுக்கும் வரையில் மூடியை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். முதல் வாரம் மருந்தே இல்லாமல் வெறும் மூடியை முகத்தருகே காட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு மீன் கொடுத்துப் பழக்கினோம். இந்த மருந்து முழுப் பலன் தர ஓரிரு வாரம் ஆகும். அதுவரையில் மாத்திரையும் கொடுத்தோம். திடீர் இழுப்புக்குச் சால்பியூட்டமால் தனியே இருக்கிறது. அதை நித்திய மருந்தாக்கக் கூடாதென்று கண்டிப்பான உத்தரவு.

மருந்தைவிடக் கடினமாயிருந்தது புகை விவகாரம். கொசுவர்த்திச் சுருள் போய்க் கொசுவலை வந்தது. ஊதுவத்தி போயிற்று. தூசி பறக்கும் மணல் தட்டை மாற்றினோம். சாம்பிராணியைத் தொட்டதும் அக்காள், “ஒரு பூனைக்காக வெள்ளிக்கிழமையை விட்டுவிடுவதா?” என்று இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே தூபக்காலை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துத் துளசி மாடத்துக்குப் போய்விட்டாள், கதவையும் சாத்திக்கொண்டாள். அவளிடம் இதைப் பற்றி நான் இதுவரை பேசவில்லை.

மகள் ஒவ்வொரு இரவும் எண்ணிக்கையை நாட்காட்டியில் குறித்து வருகிறாள். காலையில் காப்பி ஆற்றும்போது, “நேற்று எத்தனை?” என்று முதலில் கேட்பது அக்காள்தான்.

நேற்று 22.