பாயிண்டுக்காகச் சரக்கு எடுக்கலாமா?



சென்ற மாதம் திசையன்விளைப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரத் தம்பி ஒருவர் சாத்தான்குளத்தில் உள்ள என் கடைக்கு வந்திருந்தார். நல்ல உழைப்பாளி. பேச்சுக்கு நடுவே நான்கு தடவை செல்போனைத் திறந்து பார்த்தார். "என்ன தம்பி, வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்றேன். "இல்லை அண்ணாச்சி, ஆர்டர் போடுகிற ஆப்பில் இன்னும் 800 பாயிண்ட் எடுத்தால் கோல்டு ஆகிவிடுவேன். இன்று ராத்திரி 12 மணியோடு முடிகிறது" என்றார். அந்தப் பாயிண்டுக்காக மூன்று பெட்டி ஷாம்பு பாக்கெட் எடுத்தார். அவர் கடையில் மாதம் ஒரு பெட்டி போனால் அதிகம்.

கம்பெனி ஸ்கீம் நமக்குப் புதிதல்ல. பத்துக்கு ஒன்று இலவசம், குலுக்கலில் ஸ்கூட்டர் என்று எல்லாம் பார்த்தவர்கள்தான். ஆனால் அது கம்பெனி ஆள் வரும் நாளில் வந்து, அவரோடு போய்விடும். இதுவோ ராத்திரி தலைமாட்டில் கிடந்து கூப்பிடுகிறது.

சூட்சுமம் பழையதுதான். அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் புறாக்களை வைத்துச் சோதித்தார். கொத்தும்போதெல்லாம் தீனி விழுந்து பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரம் விட்டுவிடும். எப்போது விழும் என்று தெரியாமல் பழகிய புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். 2019 தீபாவளிக்கு, ஐந்து ஸ்டாம்பு சேர்த்தால் 251 ரூபாய் என்று கூகுள் பே அறிவித்தபோது, கிடைக்காத 'ரங்கோலி' ஸ்டாம்புக்காகப் படித்தவர்களும் அலைந்தது நினைவிருக்கும்.

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-இல் தடை வந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது. பாயிண்டுக்கு அப்படித் தடை கேட்க முடியாது. சரக்கு வாங்குவது சூதாட்டம் அல்லவே!

ஆர்டர் கைவிட்டுப் போகிற வயிற்றெரிச்சலில் மொத்த வியாபாரி எழுதுகிறான் என்பீர்கள். அதுவும் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. ஆப்பில் விலை குறைந்தால் அங்கேயே வாங்குங்கள். ஆனால் முதலில் இருப்பை எண்ணிச் சீட்டில் எழுதிக்கொண்டு, பிறகு செல்போனைத் திறங்கள். சீட்டில் இல்லாததைத் தொடாதீர்கள். ராத்திரி கடை அடைத்தபின் ஆர்டர் வேண்டாம். அசந்த நேரத்தில் கணக்கு தப்பும், தூக்கமும் கெடும்.

அந்தத் தம்பி கோல்டு ஆகிவிட்டார். மறுநாளே பிளாட்டினத்துக்கு இன்னும் எவ்வளவு என்று காட்டியதாம். "ஒரு நாள்கூடச் சந்தோஷமாக இருக்க விடவில்லை, அண்ணாச்சி" என்றார். எனக்குத் தரவேண்டிய பாக்கியில் பாதிதான் தந்தார். மீதி எங்கே என்றதற்கு ஷாம்புப் பெட்டிகளைக் காட்டினார்.