பழைய வர்ணமா, புதிய பெயிண்டா? – கொலு பொம்மைகளை முன்வைத்து

புரட்டாசி பிறந்துவிட்டால் நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீடுகளில் பரணில் இருந்து பொம்மைப் பெட்டிகள் இறங்கத் தொடங்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றிய செட்டியார், விரல் உடைந்த கிருஷ்ணர், மூக்கில் வர்ணம் உரிந்த சரஸ்வதி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வந்ததும் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: "ரொம்ப மங்கிப் போச்சே, இந்த வருஷம் ஒரு கோட் அடிச்சிடலாமா?" ஒரு சின்ன எனாமல் டப்பா, ஒரு பிரஷ், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம். ஐம்பது வருஷத்து பொம்மை நேற்று வாங்கியது போலப் பளபளக்கும். இந்தப் பளபளப்புதான் பிரச்சினையே!

இதில் இரண்டு கட்சி உண்டு. "அந்தக் காலத்து வர்ணம் எல்லாம் இயற்கை, இப்போது வருவதெல்லாம் கெமிக்கல்" என்பது ஒரு கட்சி. "பழசு உரியும், புதுசுதான் நிற்கும்" என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி உண்மைதான்.

முதலில் பழைய முறை. மண் பொம்மையோ காகிதக் கூழ் பொம்மையோ, காய்ந்ததும் அதன் மேல் சுண்ணாம்புத் தூளைப் பசையில் குழைத்து வெள்ளைப் பூச்சு கொடுப்பார்கள். அதை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கி, வர்ணப் பொடியை வஜ்ஜிரத்திலோ வேலம் பிசினிலோ கரைத்துப் பூசுவார்கள். இந்த வர்ணம் பூச்சுக்குள் ஊறி நிற்கும், மேலே படலமாகப் படியாது. அதனால்தான் பழைய பொம்மையின் முகத்தில் மினுமினுப்பு இல்லை, ஆனால் ஒரு மென்மை இருக்கிறது. கன்னத்துச் சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. குறைகளும் உண்டு. ஈரத் துணி பட்டால் கரையும், பசையைப் பூச்சி அரிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

சரி, அந்த வர்ணப் பொடிகள் எவை? இங்கேதான் "இயற்கை" கட்சி கொஞ்சம் யோசிக்க வேண்டும். பழைய சிவப்புகளில் பேர் பெற்றது சாதிலிங்கம். அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. பழைய மஞ்சளில் ஒன்று அரிதாரம். அதில் இருப்பது ஆர்சனிக். நாடகக்காரர்கள் முகத்தில் அதைப் பூசியதால்தான் இன்றைக்கும் நடிக்க வருவதை "அரிதாரம் பூசுவது" என்கிறோம். செந்தூரச் சிவப்பில் ஒரு வகை ஈயம். வெள்ளையிலும் ஈயம் இருந்தது. அதை பெயிண்ட்டில் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த 1921-லேயே சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. எல்லாமே மண்ணில் இருந்து வந்தவைதான், மறுக்க முடியாது. பாம்பின் விஷமும் இயற்கைதானே! எல்லாப் பழைய பொம்மையிலும் இவை இருக்கும் என்றில்லை. காவி, நீலம், கரி போன்ற சாதுவானவையும் உண்டு. ஆனால் எந்தப் பொம்மையில் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

உண்மையிலேயே பயமில்லாத பொம்மை வேண்டுமென்றால் மரப்பாச்சிதான். அதற்கு வர்ணமே கிடையாது! குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு வர்ணம் பூசாமல் விட்டது பெரிய புத்திசாலித்தனம். ஏட்டிகொப்பாக்கா, சென்னபட்னா மரப் பொம்மைகளில் அரக்கில் தாவர வர்ணம் சேர்த்துக் கடைசலிலேயே ஏற்றுகிறார்கள். அருமையான முறை, ஆனால் உருண்டையான மரத்துக்குத்தான் சரிப்படும். மூக்கும் முழியுமாக இருக்கிற மண் பொம்மையைக் கடைசலில் சுற்ற முடியுமா?

இப்போது புதிய பெயிண்ட். இன்றைய வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு. பழைய ஈய வெள்ளையின் விஷம் அதற்கு இல்லை. அதற்கான மூலப்பொருள் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் கிடைக்கிறது. கறுப்பு மணலில் இருந்து வெள்ளை! திருவனந்தபுரத்தில் 1946-ல் தொடங்கிய டிராவன்கூர் டைட்டானியம் இதைத்தான் தயாரிக்கிறது. தண்ணீரில் கரைத்து அடிக்கும் அக்ரிலிக் சில நிமிஷங்களில் காயும், காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது, வாடையும் குறைவு.

நெய்வேலியில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய பண்ருட்டியில் கொலு பொம்மை செய்பவர்கள் புதிய பெயிண்ட்டுக்கு மாறியதை "கலை போச்சு" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். வருஷம் முழுக்க வேலை, விற்பனையோ பெரும்பாலும் நவராத்திரியை ஒட்டிய சில வாரங்கள்தான். அதுவரை மண், காகிதம், கூலி என்று போட்ட பணம் முடங்கிக் கிடக்கும். காமர்ஸ் புத்தகத்தில் ஒர்க்கிங் கேப்பிடல் என்று படிப்பது இதைத்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வஜ்ஜிர வர்ணம் காயாமல் நின்றால் ஒரு பொம்மைக்கு ஆகும் நாள் கூடும், வட்டியும் கூடும். ஸ்பிரே கன்னும் அக்ரிலிக்கும் அந்த நாட்களை மிச்சப்படுத்துகின்றன. கையால் நிழல் ஏற்றிய பொம்மைக்கு அதிக விலை கொடுக்க மாட்டோம், ஆனால் பழைய வர்ணத்தையே அவர்கள் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றால் என்ன நியாயம்? குறை பெயிண்ட்டில் இல்லை. கன்னத்துக்கு ஒரு நிழல், உதட்டுக்கு இரண்டு சிவப்பு, புடவைக் கரைக்கு நுணுக்கம் என்று பிரஷ் பிடிக்க நேரம் கொடுத்தால் அக்ரிலிக்கிலும் அந்த மென்மை வரும். கண்ணை இன்றைக்கும் கையால்தானே எழுதுகிறார்கள்!

ஆகவே புது பொம்மைக்குப் புது பெயிண்ட், அதில் தகராறு வேண்டாம். பழைய பொம்மைக்குப் புது பெயிண்ட் அடிப்பதுதான் கூடாத காரியம்.

ஒரு காரணம், அது நிற்காது. அடியில் இருப்பது பசையில் பிடித்த பலவீனமான சுண்ணாம்புப் பூச்சு. அதன் மேல் எனாமல் கெட்டியான தோலாகப் படிந்து, காயக் காய இறுகி இழுக்கும். சில வருஷத்தில் அந்தத் தோல் உரியும்போது அடியில் இருக்கும் பழைய வர்ணத்தையும் பூச்சையும் சேர்த்தே பெயர்த்துக்கொண்டு வரும். இன்னொரு காரணம், விலை. இங்கிலாந்தில் பிரிட்டன்ஸ் கம்பெனி 1893 முதல் செய்த ஈயச் சிப்பாய் பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே உரிந்த பழைய பெயிண்ட்டோடு இருப்பதற்குத்தான் மதிப்பு, புதிதாக அடித்தால் விலை இறங்கிவிடும். கொலு பொம்மையை யாரும் விற்கப் போவதில்லை, உண்மைதான். ஆனால் பாட்டி வீட்டுச் சீதனமாக வந்த பொம்மையில் பாட்டி பார்த்த முகம் இருக்க வேண்டாமா? எனாமலின் ஒரே நிறத்தில் எல்லா முகமும் ஒன்றாகிவிடுகிறது.

மூன்றாவதுதான் முக்கியம். புது கோட் அடிப்பதற்கு முன்னால் பழையதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். ஈயமோ பாதரசமோ அதில் இருந்தால், இத்தனை வருஷம் பொம்மையோடு ஒட்டிக் கிடந்தது அப்போது தூசியாகி ஹாலெல்லாம் பறக்கும். பக்கத்தில் குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். வீட்டு உபயோக பெயிண்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் வாங்கி ஷெட்டில் மூடிவைத்த பாதி டப்பா எனாமலை இப்போது திறந்து "வீணாக்க வேண்டாமே" என்று பொம்மைக்கு அடிப்பது சிக்கனம் ஆகாது. ரிடையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது இந்த டப்பாக்களும் லாரி ஏறுகின்றன என்பதுதான் வேடிக்கை.

பழைய பொம்மைக்கு ஆக வேண்டியது ரொம்பக் கொஞ்சம். ஈரத் துணி வேண்டாம், மெல்லிய உலர்ந்த பிரஷால் தூசியைத் தட்டினால் போதும். உடைந்த விரலை ஒட்டலாம், ஒட்டிய இடத்துக்கு மட்டும் பொட்டளவு அக்ரிலிக்கைத் தண்ணீர் கலந்து மங்கலாக வைக்கலாம். முகத்தைத் தொடவே கூடாது. வர்ணம் பொடியாக உதிரும் பொம்மையை மேல் படிக்கு ஏற்றிவிட்டு, குழந்தையின் கைக்கு எட்டும் கீழ்ப் படியில் மரப்பாச்சியை வைத்துவிடலாம்.