எத்தனை சேனல், மாமா?

கல்யாணமான ஒருவன் 58,000 ரூபாய்க்கு ஒரு கறுப்புப் பெட்டி வாங்க வேண்டுமென்றால், அது வீட்டுக்கு எதற்கு என்று முதலில் ஒரு நல்ல காரணம் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு மூன்று வாரம் பிடித்தது. கடைசியில் அகப்பட்டவர் என் அப்பா.

"அப்பாவுக்குப் படத்துல பேசறதே புரியலையாம். பாவம். ரிசீவர் பழசாயிடுச்சு இல்ல?" என்றேன், சாம்பார் ஊற்றும் நேரம் பார்த்து.

"ம்" என்றாள் மனைவி.

பன்னிரண்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். அந்த 'ம்'முக்கு 'சரி' என்று அர்த்தமில்லை. கேஸ் தள்ளுபடி ஆகவில்லை, வாய்தா போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஹோம் தியேட்டர் ரிசீவர் என்றால் என்ன என்று கேட்கும் பாக்கியசாலிகளுக்காக இரண்டு வரி. டி.வி.யிலிருந்து வரும் ஒலியை வாங்கி, இது முன்னால், இது பின்னால் என்று பிரித்து, பெருக்கி, ஸ்பீக்கர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் பெட்டி. கூட்டுக் குடும்பத்துப் பெரியவர் மாதிரி. ஒழுங்காக வேலை செய்கிறவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என்னுடையது 2009 மாடல், 5.1. அதாவது முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, அடிவயிற்றைக் கலக்க ஒரு சப்-வூஃபர். செகண்ட் ஹாண்டில் வாங்கியது. இன்றுவரை ஒரு தும்மல் போட்டதில்லை. அதுதான் பிரச்னையே. ரிப்பேர் ஆகிற பெட்டியை மாற்றலாம். ஆகாத பெட்டியை என்ன சொல்லி மாற்றுவது?

நாங்கள் இருப்பது மீஞ்சூர் பக்கம், வள்ளூரில். இங்கே அனல் மின் நிலையத்தில் 500 மெகாவாட் யூனிட்டுகள் மூன்று. மொத்தம் 1,500 மெகாவாட். அதற்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, என் 75 வாட் போதுமா போதாதா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கவலைக்கு உரம் போட்டவன் மச்சினன். வாரம் ஒரு தடவை போன் செய்வான்.

"இன்னுமா மாமா 5.1? இப்பல்லாம் அட்மாஸ். ஹெலிகாப்டர் தலைக்கு மேல போகும் மாமா!"

"இங்க கன்டெய்னர் லாரி காதுக்குள்ளயே போகுதுடா."

"ஜோக் அடிக்காதீங்க மாமா. 2012-லயே 'சிவாஜி 3டி' அட்மாஸ்ல வந்துடுச்சு. நீங்க இன்னும்..."

வாஸ்தவம்தான். ஆனால் அட்மாஸுக்கு மேலிருந்து சத்தம் வர வேண்டும். அதற்கு ஒழுங்கான வழி கூரையில் ஸ்பீக்கர் பொருத்துவது. எங்கள் ஹவுஸ் ஓனரிடம் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கே மனு கொடுத்து உத்தரவு வாங்க வேண்டியிருக்கிறது. கூரையில் டிரில் போடப் போகிறேன் என்றால், என் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போகாது. அவர் கைதான் வரும்.

இந்தச் சத்தப் பைத்தியம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. தொண்ணூறுகளில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்து, தெருவுக்கே இளையராஜா போட்டுக் காட்டியவர். பர்மா பஜாரிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி வந்தார். அதன் நெற்றியில் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர். (அந்த எழுத்துகளுக்கு நடைமுறையில் ஒரே அர்த்தம்தான்: பொய். உள்ளே பத்து வாட் இருந்தால் அதிகம்.) தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் எந்த வரிசையில் உட்கார்ந்தால் சத்தம் 'செட்' ஆகும் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. 2020-ல் அந்தத் தியேட்டரை மூடியபோது, சொந்தக்காரர் யாரோ போன மாதிரி ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தார். தமிழில் முதல் டி.டி.எஸ். படம் என்று 1996-ல் 'கருப்பு ரோஜா' வந்தபோது, கதைக்காக இல்லை, பின்னாலிருந்து வரும் சத்தத்துக்காகவே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். படம் பாதியில் என் தொடையைத் தட்டி, "பின்னாடி கேளுடா, பின்னாடி கேளு" என்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்படிப்பட்டவர், "பேச்சு புரியலடா" என்று சொன்னால் ரிசீவரைத்தானே சந்தேகப்படத் தோன்றும்?

ஒரு சனிக்கிழமை, அத்திப்பட்டு புதுநகரில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையன் டெமோ போட்டுக் காட்டினான். மழை பெய்தது. நிஜமாகவே சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பாதி மனசு அங்கேயே பில் போடச் சொல்லிவிட்டது.

"உங்களுது 75 வாட் சார். இது 90" என்றான்.

மீதி மனசு கணக்குப் போட்டது. 75 வாட் 90 ஆனால் சத்தம் கூடுவது முக்கால் டெசிபல் சொச்சம். மனுஷக் காது கண்டுபிடிக்கிற வித்தியாசமே ஏறக்குறைய ஒரு டெசிபல்தான். வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால்கூட 3 டெசிபல்தான் ஏறும். 'இரண்டு மடங்கு சத்தம்' என்று காதுக்குத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். அதாவது 750. அதற்கு நேராக மின் நிலையத்திலேயே ஒயரைக் கொடுத்துவிடலாம்.

"4கே போகும் சார்" என்றான். என் பழைய பெட்டி வழியாக 4கே படம் போகாது, உண்மை. ஆனால் படம் ஏன் அதன் வழியாகப் போக வேண்டும்? இப்போது படம் டி.வி.க்குள்ளேயே வந்துவிடுகிறது. ஒலியை மட்டும் டி.வி. முதுகிலிருந்து ஆப்டிகல் ஒயரில் ரிசீவருக்குக் கொண்டுபோனால் போதும். அந்த ஒயர் 5.1 டால்பி டிஜிட்டலைச் சுமக்கும். அட்மாஸைச் சுமக்காது. எனக்குத்தான் கூரை இல்லையே!

58,000 கேட்ட கடையில் 250 ரூபாய்க்கு ஒரு புது ஒயர் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கடைப் பையன் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன். டி.வி. செட்டிங்கில் ஒலி 'பி.சி.எம்.' என்று கிடந்தது. ஆப்டிகல் ஒயரில் அப்படி வைத்தால் இரண்டே சேனல்தான் போகும். டி.வி. வாங்கி இரண்டு வருஷமாக, பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கருக்கும் படத்திலிருந்து ஒரு வேலையும் வந்ததில்லை. 'டால்பி டிஜிட்டல்' என்று மாற்றினேன்.

அடுத்தது சென்டர் ஸ்பீக்கர். சினிமாவில் வசனத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வரும். எங்கள் வீட்டில் அது டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், மகள் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய ஷீல்டுக்கும், கரண்ட் பில் அடைத்து வைத்த பிஸ்கட் டின்னுக்கும் பின்னால் இருந்தது. எடுத்துத் துடைத்தேன். துணி கறுப்பானது. டி.வி.க்கு நேர் கீழே முன்னுக்கு இழுத்து, முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்து, ரிசீவரில் சென்டரை மட்டும் 3 டெசிபல் ஏற்றினேன். 'நைட் மோடு' என்று ஒன்று உண்டு. வெடிச் சத்தத்தை அமுக்கி, கிசுகிசுப்பைத் தூக்கிவிடும். அதையும் போட்டேன்.

அன்றைக்கு ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து படம் பார்த்தோம்.

"ஐயோ, இந்தக் காமெடியே எனக்கு இப்பதாங்க புரியுது!" என்று சிரித்தாள் மனைவி. மகளும் சிரித்தாள். பக்கத்து வீட்டில்கூடச் சிரித்தார்கள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அரை நிமிஷம் கழித்துச் சிரித்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"சத்தம் நல்லா கேக்குதுடா. பேச்சுதான் கேக்கல."

"மாமா, காபி!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் மனைவி.

"சாவியா? ஆணியிலதாம்மா மாட்டியிருக்கேன்" என்றார்.

நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 31 வருஷம் இரும்பை அடிக்கும் பிரிவில் இருந்தவர். அந்த இரைச்சல் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதனால் அதைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. டி.வி. சத்தத்தை அவர் கூட்டியபோதெல்லாம் 'கிழவருக்குப் பிடிவாதம்' என்றுதான் நினைத்தோம்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "இடி விழுந்தா கேக்குது. எனக்கென்னடா?" என்றார். சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, 'கேட்டால் விரலைத் தூக்குங்க' என்றார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் விரல் டக் டக்கென்று எழுந்தது. அப்புறம் நின்றுவிட்டது. உள்ளே மெஷின் கத்திக்கொண்டிருப்பது முள்ளில் தெரிந்தது. அப்பா என்னைப் பார்த்து, 'இன்னும் ஆரம்பிக்கலையா?' என்று சைகையில் கேட்டார்.

சோதனை செய்த அம்மணி தாளைக் காட்டி விளக்கினார். கோடு இடது பக்கம் ஒழுங்காக வந்து, வலது பக்கம் கிணற்றில் விழுந்திருந்தது. இரைச்சலில் வருஷக்கணக்கில் நின்றவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் அடிவாங்குமாம்.

"இவருக்கு உயிரெழுத்து கேக்குது சார். மெய்யெழுத்துதான் கேக்கல. ஆ, ஈ எல்லாம் தாழ்ந்த ஒலி, பலமா வரும். க, ச, ட, ப எல்லாம் மெலிசு, மேல இருக்கும். அதான் சத்தம் கேட்டும் வார்த்தை புரியறதில்ல."

காபியும் சாவியும் ஒன்றானது அப்போதுதான் புரிந்தது. போன செல்கள் திரும்ப முளைக்காது என்பதையும் சொன்னார். காதில் ஹெட்போனைத் திருகிக்கொண்டு ரயிலில் தொங்கும் தம்பிகள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் பட்டியலிலேயே தொழில் நோயாக இருந்தது. திரும்பி வரும்போது கேட்டேன்.

"காதுல வைக்க ஒண்ணும் குடுக்கலையாப்பா?"

"குடுத்தாங்க. வெச்சா ஃபோர்மேன் கூப்பிடறது கேக்காது. கேக்கலன்னா திட்டுவாரு. கழட்டி பாக்கெட்ல வெச்சுக்குவோம்."

அன்றைக்கு ராத்திரி சீட்டுப் பணம் 60,000 ரூபாயை மனைவி என் முன்னால் வைத்தாள். ரிசீவருக்காக நான் கண்வைத்திருந்த அதே பணம். இந்தத் தடவை 'ம்' கூடச் சொல்லவில்லை. அப்பாதான் தகராறு பண்ணினார். "எனக்கு எதுக்குடா தெண்டம்? நீ ஆசைப்பட்ட பெட்டிய வாங்கு" என்றார். நான் ஆசைப்பட்ட பெட்டியில் யார் பின்னால் பேசினாலும் அவருக்குக் கேட்கப் போவதில்லை என்பதை எப்படிச் சொல்வது? "வாங்கினா சேர்ந்து கேக்கணும்ப்பா" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு காதுக்கும் சேர்த்து 52,000. மாட்டிய உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். முதல் வாரம் தட்டு கழுவுகிற சத்தத்துக்கெல்லாம் துள்ளினார். இரண்டு தடவை கழற்றி டப்பாவில் போட்டார். பழகுவதற்கு ஒரு மாதம் ஆனது. இன்னமும் எல்லாம் கேட்பதில்லை. சந்தைக் கூட்டத்தில் குழம்புகிறார். ஆனால் காபி காபியாகவும், சாவி சாவியாகவும் வந்துவிட்டன. நானும் மனைவியும் அவரை வைத்துக்கொண்டு கிசுகிசுப்பதும் நின்றுவிட்டது.

போன வாரம் ராத்திரி டி.வி.யை அணைத்தபிறகு, ஹாலில் நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"ஏதோ டிக் டிக்குங்குதுடா."

சுவரைக் காட்டினேன். கடிகாரம். அவர் ரிடையர் ஆன அன்றைக்கு, மாலை போட்டுக் கம்பெனியில் கொடுத்தது. வீட்டுக்கு வந்த நாளாக அங்கேதான் இருக்கிறது.

கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"இத்தினி வருஷமா இது சத்தம் போடுதா?" என்றார். அப்புறம், "தூக்கம் வராது. பேட்டரிய கழட்டுடா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

ரிசீவரை மாற்றலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு, நான் கற்றது இதுதான். உங்கள் குறை என்ன என்று ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். 'அட்மாஸ் வேண்டும், கூரை என்னுடையது' என்றால் தாராளமாக மாற்றுங்கள். 'பேச்சு புரியவில்லை' என்றால் முதலில் ஒயர், அப்புறம் செட்டிங், அப்புறம் சென்டர் ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் பிஸ்கட் டின். அதற்கும் சரியாகவில்லை என்றால், சோபாவில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள்.

மச்சினன் நேற்று மறுபடி போன் செய்தான்.

"என்ன மாமா, வாங்கிட்டீங்களாமே? அக்கா சொன்னாங்க. சொல்லவே இல்ல! எத்தனை சேனல் மாமா?"

"ரெண்டு" என்றேன். "லெஃப்ட், ரைட்."