என் மார்க்கில் அக்காவுக்கும் பங்கு உண்டு

(பகுதி: என் கருத்து. எழுதியவர்: 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்)

 

நம் சுவரிதழில் இதற்கு முன் நான் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். ஒன்று நொய்யல் ஆற்றைப் பற்றி. இன்னொன்று மழைநீர் சேகரிப்பு பற்றி. இரண்டையும் படித்துவிட்டு "சூப்பர்டா" என்று சொல்லிட்டுப் போனீங்க. இந்தத் தடவை சிரிப்பீங்க என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் இந்தத் தடவை நான் எழுதுவது பாத்திரம் கழுவுவதைப் பற்றி. சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சிட்டு மீதியையும் படிச்சிடுங்க. அது போதும்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் அக்கா நம் பள்ளியில்தான் 12-ஆம் வகுப்பு படிக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ. ஆனா என் மார்க்கைப் போட்றாதே" என்றாள். அதனால் மார்க்கைப் போடவில்லை.

கணக்கு சார் கொடுத்த வேலை

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும், புள்ளியியல் பாடத்துக்காக கணக்கு சார் ஒரு வேலை கொடுத்தார். "உங்க வீட்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் 24 மணி நேரத்தை எப்படிச் செலவு பண்றாங்கன்னு எழுதி, வட்ட விளக்கப்படம் போட்டுக்கிட்டு வாங்க" என்றார். எல்லோரும் என்ன செய்தோம்? தூக்கம் 8, பள்ளி 7, படிப்பு 4 என்று பஸ்ஸில் வரும்போதே எழுதிவிட்டோம். நானும் அப்படித்தான் எழுதினேன். சார் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "உங்கம்மா எத்தனை மணிக்கு எந்திரிக்கிறாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் எழும்போது அம்மா எப்போதும் எழுந்துதான் இருப்பாங்க!

அதனால் அன்றைக்கு ராத்திரி அலாரம் வைத்துப் படுத்தேன். மறுநாள் முழுவதும் (பள்ளி நேரம் தவிர) கையில் நோட்டை வைத்துக்கொண்டு எழுதினேன். வந்த கணக்கு இதுதான்.

அம்மா: எழுந்தது காலை 4.30. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அன்றைக்கு ஒன்றரை ஷிப்ட், காலை 8.30 முதல் ராத்திரி 8.30 வரை. அது போக வீட்டு வேலை 4 மணி 50 நிமிடம்.

அக்கா: எழுந்தது காலை 5.00. வீட்டு வேலை 3 மணி 10 நிமிடம். உட்கார்ந்து படித்தது 1 மணி 5 நிமிடம்.

அப்பா: நிட்டிங்கில் 12 மணி நேர வேலை. வீட்டு வேலை 15 நிமிடம் (பைக்கில் போய் கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு வந்தது).

நான்: எழுந்தது 6.30 (அலாரம் 4.30-க்கு அடித்தது. அம்மாவைப் பார்த்து எழுதிவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டேன்). படிப்பு 2 மணி 30 நிமிடம். கிரிக்கெட் 1 மணி 15 நிமிடம். போன் 1 மணி நேரம். வீட்டு வேலை 12 நிமிடம். கடைக்குப் போய் பாலும் கொத்தமல்லியும் வாங்கி வந்தது.

வட்டம் வரைந்தபோது 12 நிமிடத்துக்கு 3 டிகிரிதான் வந்தது. பென்சில் கோடு மேலேயே கோடு விழுந்துவிட்டது. அக்காவுடையது 47.5 டிகிரி. அம்மாவுடையது 72.5.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது. அதற்கு முந்தின வாரம்தான் காலாண்டு மார்க் வந்திருந்தது. எனக்கு நல்ல மார்க். அக்காவுக்கு வேதியியலில் குறைந்துவிட்டது. அம்மா அக்காவைத் திட்டினாங்க. "தம்பியப் பாரு அம்மணி, ராத்திரி பூரா உக்காந்து படிக்கிறான். நீயும் இருக்கியே!" அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு தட்டு நான் சாப்பிட்ட தட்டு. நானும் அந்த இடத்தில்தான் இருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது! அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நான் ராத்திரி உட்கார்ந்து படிக்கிற அந்த 2 மணி நேரம் எங்கிருந்து வந்தது? என் துணியை யாரோ துவைத்ததால் வந்தது. என் டிபன் பாக்ஸை யாரோ கழுவியதால் வந்தது. அந்த 'யாரோ' வேறு யாருமில்லை, பொதுத்தேர்வு எழுதப்போகும் அக்கா. அவளுடைய நேரத்தை எடுத்து நான் மார்க் வாங்கிவிட்டு, அவளை விடக் கெட்டிக்காரன் என்று பெயரும் வாங்கியிருக்கிறேன்.

எங்க வீட்டில் மட்டுமா?

இல்லை. மத்திய அரசு 2024-ஆம் ஆண்டு இந்தியா முழுக்க 'நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு' எடுத்தது. அதற்கு முன் 2019-லும் எடுத்திருக்கிறார்கள். கணக்கு சார் கொடுத்த அதே வேலைதான், நாடு முழுக்க! 6 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்கள் நூறு ஆண்களில் 27 பேர்தான். பெண்களில் நூற்றுக்கு 81 பேருக்கும் மேல். அப்படிச் செய்தவர்களிலும் ஒரு ஆண் சராசரியாக 88 நிமிடம் செய்திருக்கிறார். ஒரு பெண் 289 நிமிடம். வித்தியாசம் 201 நிமிடம்.

இதை நான் ஒரு வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன். 1,222 மணி நேரம் வருகிறது. ஒரு பள்ளி நாளுக்கு வகுப்பு 6 மணி நேரம் என்று வைத்தால் 203 நாள்! அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுப் பள்ளி ஆண்டு. ஆணை விடப் பெண் ஒவ்வொரு வருஷமும் ஒரு பள்ளி ஆண்டு அளவு நேரத்தை அடுப்படியில் கூடுதலாக விடுகிறாள்.

இன்னொரு கணக்கும் போட்டேன். தமிழக அரசு 2023 செப்டம்பர் 15-இல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியபோது, பெண்கள் வீட்டில் செய்யும் வேலைக்கான அங்கீகாரம் என்றுதான் சொன்னார்கள். நல்ல விஷயம். ஆனால் தினம் 289 நிமிடம் என்றால் மாதத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு 7 ரூபாய்கூட வரவில்லை. ஒரு டீ விலைகூட இல்லை. நான் அரசைக் குறை சொல்லவில்லை. அவங்களாவது ஏதோ கொடுத்தாங்க. நாம் என்ன கொடுத்தோம்?

அவங்க சொல்வதும் என் பதிலும்

இதை வீட்டிலும் நண்பர்களிடமும் பேசிப் பார்த்தேன். நாலு விதமாகப் பதில் வந்தது.

"ஆம்பளப் பையன் இதெல்லாம் செய்யக் கூடாது." இதைச் சொன்னது எங்க அம்முச்சி. அதற்கு பதிலை எங்க அப்பாவே வைத்திருக்கிறார். தாராபுரம் பக்கம் ஊரிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில், ஒரு ரூமில் நாலு பேர் தங்கி, முறை வைத்துச் சமைத்துச் சாப்பிட்டார்களாம். அப்பா வைக்கும் தக்காளி ரசத்துக்குப் பக்கத்து ரூமில் இருந்தும் டம்ளரோடு வருவாங்களாம். "அப்ப சமைச்ச கை இப்ப எங்கீங்க போச்சு?" என்று அம்மா கேட்டாங்க. அப்பா சிரித்தார். பதில் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைக்கிற மாஸ்டரும் ஆண்தான். கூலி இருந்தால் ஆம்பளை வேலை, கூலி இல்லை என்றால் பொம்பளை வேலையா?

"பையன் பத்தாவது, படிக்கட்டும்." அக்கா பன்னிரண்டாவது! அவள் படிக்க வேண்டாமா?

"பொண்ணு பழகிக்கட்டும், நாளைக்குப் போற வீட்டுல பேச்சு வாங்கக் கூடாது." சரி. நான் நாளைக்கு வெளியூரில் ஹாஸ்டலில் தங்கினால், என் சட்டையை யார் துவைப்பார்? பழகுவது அவளுக்கு மட்டும்தான் வேண்டுமா?

நாலாவதுதான் கஷ்டமான பதில். அது அம்மா சொன்னது. நான் பாத்திரம் கழுவப் போனபோது கையிலிருந்து வாங்கிவிட்டாங்க. "நீ போ கண்ணு, நீ கழுவுனா நான் மறுக்காக் கழுவோணும்" என்றாங்க. உண்மைதான். நான் கழுவிய குண்டாவில் அடிப்பிடித்தது அப்படியே இருந்தது. ஆனால் சைக்கிள் பழகியபோது எத்தனை தடவை விழுந்தேன்! "நீ விழுவே, அக்கா ஓட்டட்டும்" என்று யாரும் சொல்லவில்லையே. இரண்டாவது வாரத்திலிருந்து அம்மா மறுக்காக் கழுவுவதில்லை.

இப்போது எங்க வீட்டில்

பெரிய புரட்சி எல்லாம் நடக்கவில்லை. ஒரு டைம்டேபிள் மட்டும் காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். என் பங்கு இவை:

1. சாப்பிட்ட தட்டை, டிபன் பாக்ஸை நானே கழுவுவது. (அப்பாவும் இப்போது அவர் தட்டைக் கழுவுகிறார். யாரும் சொல்லவில்லை.)
2. ராத்திரிப் பாத்திரம் ஒரு நாள் நான், ஒரு நாள் அக்கா.
3. நல்ல தண்ணி வரும் நாளில் குடம் பிடித்து டிரம் நிரப்புவது முழுக்க என் வேலை. தண்ணி விடியற்காலம் 4 மணிக்கு வந்தாலும் சரி.
4. என் யூனிபார்மை ஞாயிற்றுக்கிழமை நானே துவைப்பது.
5. பாய், போர்வை மடிப்பது, வீடு கூட்டுவது காலையில் நான்.

இதனால் எனக்குப் போனது ஒரு நாளைக்கு சுமார் 55 நிமிடம். அதில் பெரும்பகுதி போன் பார்த்த நேரம்தான். அக்காவுக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட அதே அளவு. அக்கா மார்க் ஏறிவிட்டதா என்று கேட்காதீங்க. அரையாண்டுத் தேர்வு இன்னும் வரவில்லை. மார்க் ஏறினால்தான் இது நியாயம் என்றும் இல்லை. அவள் அந்த நேரத்தில் சும்மா மாடியில் போய் உட்கார்ந்தாலும் அது அவளுடைய நேரம்.

ஒரு சண்டையும் வந்தது. போன வாரம் என் முறை அன்று கிரிக்கெட் முடிந்து லேட்டாக வந்தேன். பாத்திரம் அப்படியே கிடந்தது. அக்கா தொடவில்லை. "உன் முறைதானே?" என்றாள். கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தோடுதான் கழுவினேன். அதுவும் சரிதான்.

பள்ளிக்கூடத்தில்?

நம் வகுப்பையே பாருங்க. கூட்டுவதற்குப் பெண்கள், பெஞ்ச் தூக்குவதற்குப் பையன்கள் என்று யார் பிரித்தது? விழா என்றால் கோலம் போடவும், வரவேற்பில் சந்தனம் கொடுக்கவும் தோழிகளையே கூப்பிடுகிறோம். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் பையன், பொண்ணு வித்தியாசமில்லாமல் தங்கள் வகுப்பறையைத் தாங்களே சுத்தம் செய்கிறார்கள். மதிய உணவையும் முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளாவில் 2024-இல் வந்த 3-ஆம் வகுப்புப் புத்தகத்தில், அடுப்படியில் அப்பா உட்கார்ந்து தேங்காய் துருவுகிற மாதிரி படம் போட்டார்கள். ஒரு படம்தான். ஆனால் அதைப் பார்த்து வளரும் பையனுக்குத் தேங்காய்த் துருவி அம்மாவின் பொருளாகத் தெரியாது.

1989-லேயே நம் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று சட்டம் வந்தது. 2005-இல் நாடு முழுக்க வந்தது. சொத்தைப் பிரிக்கச் சட்டம் வந்துவிட்டது. வேலையைப் பிரிக்க எந்தச் சட்டமும் வராது. அதை நாமேதான் பிரிக்க வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். நம் வகுப்பிலேயே விடியற்காலம் பேப்பர் போடப் போகிற நண்பன் இருக்கிறான். உடம்பு முடியாத பாட்டியைப் பார்த்துக்கொள்கிறவனும் இருக்கிறான். அவங்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை. அவங்க ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாங்க. நான் சொல்வது என்னைப் போல 3 டிகிரி இருக்கிறவர்களுக்கு.

எனவே நண்பர்களே, ஒரே ஒரு நாள் உங்கள் வீட்டில் நோட்டும் கடிகாரமும் வைத்துக்கொண்டு உட்காருங்க. அம்மா, அக்கா, தங்கச்சி எல்லோருடைய நிமிடத்தையும் எழுதுங்க. கடைசியில் உங்களுடையதை எழுதுங்க. பொய் எழுத வேண்டாம், யாரும் மார்க் போடப்போவதில்லை. உங்கள் வட்டத்தில் எத்தனை டிகிரி வருகிறது என்று பக்கத்தில் தொங்கும் வெள்ளைத் தாளில் எழுதிவிட்டுப் போங்க. பெயர் போட வேண்டாம், டிகிரி மட்டும் போதும்.

முதல் எண்ணை நானே எழுதிவிட்டேன்: 3. இப்போது அது 16 ஆகியிருக்கிறது. அக்காவைத் தொட இன்னும் தூரம் இருக்கிறது.

சிந்திப்போம்! செய்வோம்!