கையெழுத்திட மறுத்தது யார்?

ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையின் இறைமையில் கை வைக்கிறது, ஆடைத் தொழிற்சாலைப் பெண்களின் சோற்றில் மண்ணைப் போடுகிறது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். படித்து முடித்தபோது கோபம்தான் வந்தது. அந்தப் பெண்களைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அவர் காப்பாற்றப் பார்ப்பது பயங்கரவாதத் தடைச் சட்டத்தை.

இந்தச் சலுகையை எவரும் இலங்கையின் தலையில் கட்டவில்லை. கொழும்பு தானே கேட்டு 2005-இல் பெற்றது. 27 சர்வதேச சமவாயங்களை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதே நிபந்தனை. குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயத்தை இலங்கை ஏற்றது 1980-இல். சிறுவர் உரிமைகள் சமவாயத்தை 1991-இல். சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தை 1994-இல். அப்போது ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற ஏற்பாடே பிறந்திருக்கவில்லை. தானே கொடுத்த வாக்கை ஒரு நாட்டுக்கு நினைவூட்டினால் அதன் இறைமை எப்படிப் பறிபோகும்?

அடுத்து, 2010-இல் சலுகை 'பறிக்கப்பட்ட' கதை. இங்கே கட்டுரையாளர் பாதியை விழுங்கிவிட்டார். 2008-இல் ஒன்றியம் விசாரணை தொடங்கியபோது அரசாங்கம் ஒத்துழைக்க மறுத்தது. இந்த மூன்று சமவாயங்களும் மீறப்படுகின்றன என்று முடிவாகி, சலுகையை நிறுத்தும் தீர்மானம் 2010 பெப்ரவரியில் வந்தது. உடனே நிறுத்தவில்லை, ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். ஜூனில் 15 விடயங்களைக் குறிப்பிட்டு, எழுத்தில் உறுதி தந்தால் தவணையை நீட்டிக்கிறோம் என்று கடிதமும் அனுப்பினார்கள். குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயத்தோடு முரண்படும் பயங்கரவாதத் தடைச் சட்டப் பிரிவுகளை நீக்குவது அவற்றில் ஒன்று. அரசாங்கம் மறுத்தது. ஓகஸ்ட் 15-இல் சலுகை நின்றது. அப்போதும் கதவு முழுதாக அடைபடவில்லை. சாதாரண ஜீ.எஸ்.பி. சலுகை தொடர்ந்தது; தீர்வையில்லாமல் போன ஆடைகளுக்கு 9.6 சதவீதம் கட்ட வேண்டியதாயிற்று. கட்டுநாயக்கவில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்த பெண்ணின் வேலையைவிட அந்தச் சட்டமே பெரிது என்று தீர்மானித்தவர்கள் கொழும்பில்தான் இருந்தார்கள்.

அந்தச் சட்டம் என்ன செய்யும் என்று அவருடைய கட்டுரையில் ஒரு வரி இல்லை. 1979-இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து, 1982-இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே நீதிமன்றத்தில் சாட்சியாகும். அது மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்கும் சுமை கைதியின் தலையில். அஹ்னாஃப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் தமிழில் கவிதைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டவர். 2020 மே மாதம் இந்தச் சட்டத்தின் கீழ் அவரைப் பிடித்துச் சென்றார்கள். பிணை கிடைக்க ஏறத்தாழ 19 மாதங்கள் ஆயின. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. போன மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? போருக்குப் பிறகு கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. அங்கே வேலைக்குப் போகும் பெண்கள் பலரின் வீட்டில் இதே சட்டத்தில் உள்ளே போன ஓர் அண்ணனோ மாமாவோ இருக்கிறார். அவர்கள் பெயரால் பேசும் உரிமையைக் கட்டுரையாளருக்கு யார் தந்தது?

ஒன்றியம் எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை என்கிறார். உண்மைதான். 2020-இல் கம்போடியாவின் சலுகையில் ஒரு பகுதியை வெட்டியவர்கள், ரோகிங்கியா மக்கள் விரட்டப்பட்ட பிறகும் மியன்மாரின் சலுகையில் கை வைக்கவில்லை. இது வெட்கக்கேடு. ஆனால் மியன்மாரையும் கண்டிக்கச் சொல்வதல்லவா நியாயம்? நம்மையும் கண்டுகொள்ளாதே என்று அவர் கேட்கிறார்.

என் குறை வேறு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுவதாகச் சொன்ன வாக்குறுதியை நம்பி, ஒன்றியம் 2017 மே மாதம் சலுகையைத் திருப்பிக் கொடுத்தது. ஐந்து ஆண்டு கழித்து, 2022-இல் வந்த திருத்தம் தடுப்புக்காவலின் உச்சவரம்பை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. விசாரணையில்லாமல் ஒருவரை ஓராண்டு அடைத்து வைக்கலாம். இதையும் பொறுத்துக்கொண்டு சலுகையைத் தொடர்ந்த ஒன்றியத்தைத்தான் அவர் கொடுமைக்காரன் என்கிறார்.

அவர் மறுபடி எழுதினால் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: 2010 ஜூனில் வந்த அந்தக் கடிதத்துக்கு அரசாங்கம் ஏன் உறுதி தரவில்லை?