பாசி தின்னும் கெளுத்தி வாங்குமுன்

தொட்டிக் கண்ணாடியில் பச்சை படிந்ததும் பலரும் கடைக்குப் போய்க் கேட்பது, "ஒரு சக்கர் மீன் குடுங்க" என்பதுதான். கடைக்காரரும் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு அங்குலக் கறுப்புக் குஞ்சு ஒன்றைப் பையில் போட்டுக் கொடுப்பார். விலை குறைவு, எளிதில் சாகாது. சிக்கல் பிறகுதான் வரும்.

நம் ஊர்க் கடைகளில் அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் டெரிகோப்லிக்திஸ் என்ற தென் அமெரிக்கக் கெளுத்தி. அது ஒரு அடியைத் தாண்டி வளரும், ஒன்றரை அடியை நெருங்குவதும் உண்டு. இரண்டடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடம் இருக்காது. வளர வளரப் பாசியில் நாட்டம் குறைந்து, மற்ற மீன்களுக்குப் போடும் தீனியைத் தேடும். கோல்ட்ஃபிஷ் போன்ற மெதுவான மீன்களின் உடலில் இரவில் ஒட்டி, மேல்தோலின் வழவழப்பை உறிஞ்சுவதும் நடக்கும். அது போடும் கழிவோ, தின்ற பாசியைவிட அதிகப் பாசி வளர உரமாகிறது.

சிறிய தொட்டிக்குப் பொருந்தும் கெளுத்திகள் இரண்டு. ஒன்று ஏன்சிஸ்ட்ரஸ், கடைமொழியில் பிரிஸ்டில்நோஸ். சுமார் 12 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். வளர்ந்த ஆணுக்கு மூக்கில் கிளைத்த மீசைகள் முளைக்கும். குஞ்சாக இருக்கும்போது மீசை இராது என்பதால், மேலே சொன்ன ராட்சதக் குஞ்சோடு இதைக் குழப்பிக்கொள்வது எளிது. அப்போது முதுகுத் துடுப்பைப் பாருங்கள். டெரிகோப்லிக்திஸுக்கு அது பாய்மரம்போல் அகன்று, பத்துக்கும் மேற்பட்ட கதிர்களோடு இருக்கும். ஏன்சிஸ்ட்ரஸுக்குச் சிறிய துடுப்பு. முன்முள்ளைத் தவிர ஏழு கதிர்தான். மீன் துடுப்பை விரிக்கும்வரை காத்திருந்து எண்ணலாம், கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நூறு லிட்டர் தொட்டிக்கு ஒன்று போதும். இரண்டு ஆண்கள் இடத்துக்குச் சண்டையிடும். பகலில் ஒளிய ஒரு மரக்கட்டை போடுங்கள், அதையும் சுரண்டிக்கொண்டிருக்கும்.

மற்றொன்று ஓட்டோசிங்ளஸ், சுருக்கமாக ஓட்டோ. நான்கு சென்டிமீட்டர்தான். செடிகளுக்கு ஊறு செய்யாது, குட்டி இறால்களோடும் ஒத்துப்போகும். அழகில் என் ஓட்டு இதற்கே. ஆனால் முதல்முறை மீன் வளர்ப்பவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பகுதி ஆற்றில் பிடிக்கப்பட்டவை. பிடித்து, அடைத்து, கப்பலேற்றி வரும்வரை பட்டினி கிடந்தவை. வாங்கிய சில நாட்களில் செத்துப்போவதற்கு அதுவே முக்கியக் காரணம். வயிறு உள்வாங்கியிருக்கும் மீனை எடுக்காதீர்கள். வயிறு உருண்டு, கடைத்தொட்டியில் சில நாளாவது தங்கித் தின்னத் தொடங்கியதைக் கேட்டு வாங்குங்கள். கூட்டமாக வாழும் மீன், ஆறுக்குக் குறையக்கூடாது. தொட்டி ஓடத் தொடங்கிச் சில மாதங்களாவது ஆகி, கல்லிலும் இலையிலும் மெல்லிய படலம் பிடித்திருக்க வேண்டும். ஓட்டோவுக்கு 22 முதல் 26 டிகிரி வரையிலான நீர் ஏற்றது. சென்னைக் கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தொடுவதையும் மனத்தில் வையுங்கள்.

இரண்டுமே எல்லாப் பாசியையும் தின்றுவிடாது. புதுத் தொட்டியின் பழுப்புப் படலத்தையும் மென்மையான பச்சையையும் மேயும். இலை விளிம்பில் தாடிபோல் வளரும் கறும்பாசியை இவை நம்பத்தக்க அளவில் தொடுவதில்லை. கண்ணாடியில் கெட்டியாக ஒட்டிய பச்சைப் புள்ளிகளைச் சுரண்ட பழைய ஏடிஎம் அட்டையே மேல். பாசி தீர்ந்ததும் இவற்றுக்குப் பசிக்கும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். வெந்நீரில் முக்கிய வெள்ளரித் துண்டோ பசலைக்கீரையோ வாரத்தில் சில முறை போட்டு, மிஞ்சியதை மறுநாள் எடுத்துவிட வேண்டும்.

பாசிக்கு மூலம் வெளிச்சமும் மிச்சத் தீனியும். விளக்கை ஆறேழு மணி நேரத்துக்குக் குறைத்து, தீனியைப் பாதியாக்கி, வாரம் கால்வாசி நீரை மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மீன் வேண்டும் என்றால் ஏன்சிஸ்ட்ரஸே பெரும்பாலான வீடுகளுக்குச் சரி. ஐம்பது லிட்டர் தொட்டி, அதுவும் புதிது என்றால் இரண்டுமே வேண்டாம்.

ஏற்கெனவே பெரிய சக்கர் ஒன்று உங்கள் தொட்டியில் இடிபட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். அதை ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தமிழகம், கேரளம், ஆந்திரம், மேற்கு வங்கம் என்று பல இடங்களில் இந்த மீன் நீர்நிலைகளில் பெருகிவிட்டது. கரையைக் குடைந்து முட்டையிடுகிறது, முள்ளால் வலையைக் கிழிக்கிறது. சந்தையில் வாங்குவாரும் இல்லை. கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படையுங்கள்.