கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டால் போதுமா?



அந்தக் காலத்தில் சிட்டையைப் பேரேட்டில் ஏற்றாமல் கடை அடைக்கமாட்டார்கள். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின், கம்பம் முதல் தேனி வரை பல மளிகைக் கடைகளின் பேரேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அதற்கு நகல் எடுக்கும் வேலையையும் கம்ப்யூட்டரிடமே ஒப்படைக்கலாம். இன்ன நேரத்தில், இத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்று சொல்லி வைத்தால் தானே செய்யும். யுனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் 1970-களிலேயே 'கிரான்' என்ற பெயரில் இருந்த வசதிதான். விண்டோஸில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்பார்கள்.

எங்கள் மொத்தக் கடையில் இரவு 10 மணிக்கு நகல் எடுக்கச் சொல்லி வைத்திருந்தோம். கடை அடைப்பதோ 9 மணிக்கு. பையன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவான். மூன்று மாதமாக ஒரு நகலும் எடுபடவில்லை என்பது ஹார்டு டிஸ்க் பழுதான அன்றுதான் தெரிந்தது. கூடலூர், குமுளி கடைக்காரர்களிடமே அவரவர் பாக்கியைக் கேட்டு எழுதினோம். பெரும்பாலோர் நாணயமாகச் சொன்னார்கள். ஆனாலும், கடன் கொடுத்தவன் கணக்குக் கேட்டு நிற்பது எவ்வளவு கூச்சம்!

இயந்திரத்தின் மேல் குற்றமில்லை, கவனிக்காதது நாங்கள்.

ஆகவே, நகல் எடுப்பதை வியாபார நேரத்திலேயே, அரை மணிக்கு ஒரு முறை வையுங்கள். பில் போடும்போதே எடுக்கலாமா என்று மென்பொருள் கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போய்த் தவறிய வேலையைப் பிறகு செய்யும் வசதி டாஸ்க் ஷெட்யூலரில் உண்டு. ஆனால் நாமாகத் தேர்ந்தெடுத்தால்தான் நடக்கும். லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது வேலையைத் தொடங்காதபடி முதலிலேயே அமைந்திருக்கும், அதையும் மாற்றுங்கள். அதே டிஸ்க்கில் வைக்கும் நகலால் பயனில்லை. பழைய நகலின் மேலேயே எழுதினால், கெட்டுப்போன கணக்கு நல்ல கணக்கை அழித்துவிடும். நாள்வாரியாகத் தனித்தனியே வையுங்கள். ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். டிஸ்க் போய்விட்டது என்றால் அதிகாரி ஏற்பாரா?

தினமும் முதல் போணிக்கு முன், கடைசி நகலின் தேதியையும் நேரத்தையும் ஒருமுறை பாருங்கள். மாதம் ஒருமுறை அதைத் திறந்தே பாருங்கள். மின்னணுத் தராசானாலும், தட்டு காலியாக இருக்கையில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதானே சரக்கை வைக்கிறோம்!